கடைசி வரியில் ஒரு மன்னிப்பு

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கும் நித்யா கோயம்புத்தூர்ப் பெண். மென்பொருள் கம்பெனியில் வேலை. சாயங்காலம் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டே, அன்றைக்கு அலுவலகத்தில் யார் யார் என்னென்ன தப்பாகப் பேசினார்கள் என்று சொல்லித் தீர்த்தால்தான் அவளுக்குப் பொழுது முடியும்.

"'ரிவர்ட் பேக்'னு எழுதறாங்க ஆன்ட்டி. எங்க மேனேஜர் எதைச் சொன்னாலும் கடைசியில ஒரு 'ஒன்லி' போடறார். 'நான் ஐதராபாத் ஒன்லி'ங்கறார். கேக்கறப்ப காதுல எறும்பு பூந்த மாதிரி இருக்கு. நீங்கெல்லாம் வேலை பார்த்தப்ப இப்படி எரிச்சல் வந்ததில்லையா?"

இதைச் சொல்லும் அவளே, "மீட்டிங் அட்டெண்ட் பண்ணி, மெயில் சென்ட் பண்ணி, ரொம்ப டயர்ட் ஆயிட்டேன்" என்பாள். நான் சுட்டிக்காட்டுவதில்லை. "எரிச்சல்படுவதுதான் எங்கள் ஆபீசில் பாதி வேலையே" என்று மட்டும் சொன்னேன். அவள் விடவில்லை. கட்டடத்துத் தமிழ்க்காரர்கள் பொங்கலுக்குப் போடும் மலரில் அதை எழுதித் தரச் சொல்லிவிட்டாள். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை.

என் அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்தேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். பிறகு டைப்பிங் லோயர், ஹையர். படிப்பு அவ்வளவுதான். காலனியில் தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும். கல்யாணமான புதிதில், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார் "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று கேட்டபோது "நக்கோ அத்தை" என்று சொல்லிவிட்டேன். 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் பக்கம் அதுதான் வார்த்தை. அவர் சமையலறையைத் திரும்பிப் பார்த்து, அப்படி ஒரு பலகாரம் தான் செய்யவில்லையே என்றார்.

ஐதராபாத்தின் கிழக்கே நாச்சாரத்தில் மின்விசிறி மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில், பர்சனல் டிபார்ட்மெண்டில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஊரின் மேற்குப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு அந்த மாற்றம் ஒரு கம்ப்யூட்டராக வந்து சேர்ந்தது. அதை என் மேஜையில் வைத்து, மேலே ஒரு பூப்போட்ட துணியும் போட்டுவிட்டுப் போனார்கள்.

என் மேலதிகாரி ரஸாக் சாப். பர்சனல் ஆபீசர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யாரையும் திட்டிக் கேட்டதில்லை. ஆனால் தப்பான ஆங்கிலத்தைக் கண்டால் பல்வலி வந்தவர்போல் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார். எங்களோடு பேசும்போது அவரும் 'ஆமாம்' என்பதற்கு 'ஹவ்', 'எதற்கு' என்பதற்கு 'கைக்கு', பிறகு அந்த 'நக்கோ' என்று ஐதராபாத் பழைய பட்டணத்து உருதுதான் பேசுவார். காகிதத்தில் ஏறிய மொழிக்கு மட்டும் வேறு நியாயம்.

தொழிற்சாலையில் ஒருவர் தாமதமாக வந்தாலும், சொல்லாமல் லீவு எடுத்தாலும், மெமோ போகும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். விளக்கத்தை நான் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, ரஸாக் சாப் மேஜையில் வைப்பேன். பதினோரு மணிக்கு டீயோடு அவர் படிக்க ஆரம்பிப்பார். கையில் சிவப்புப் பென்சில்.

"இதைக் கேளுங்கள் அம்மா" என்பார். "'காய்ச்சல் என்னிடம் வந்துகொண்டிருந்தது, ஆகையால் நான் டூட்டிக்கு வந்துகொண்டிருக்கவில்லை.' காய்ச்சல் எந்த பஸ்ஸில் வந்ததாம்? உப்பல் பஸ்ஸா, தார்நாக்கா பஸ்ஸா?"

நான் சிரிக்காமல் இருக்க ஸ்டேப்ளரில் முள் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன்.

'சின்ஸ் டூ டேஸ்' என்றால் ஒரு கோடு. 'மைசெல்ஃப் சோமய்யா' என்றால் இரண்டு கோடு. 'டூ த நீட்ஃபுல்' என்றால் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்தைச் சற்று நேரம் வருத்தத்துடன் பார்ப்பார். பிறகு கடிதம் திரும்பிப் போகும். திருத்தி எழுதிக் கொண்டு வர வேண்டும். ஒரு நாள் லீவு போட்டவர் அதை விளக்குவதற்கு மூன்று நாள் என் மேஜைக்கு நடப்பார்.

சலித்துப்போய் ஆட்கள் முதலிலேயே என்னிடம் வர ஆரம்பித்தார்கள். "மேடம், நீங்களே சாருக்குப் பிடிக்கிற மாதிரி அடிச்சுக் குடுங்க." எனக்கு அப்போது ஆங்கிலம் முழுக்க வராது. ஆனால் சிவப்புக் கோடு எங்கே விழும் என்பது மட்டும் மனப்பாடம். கோடு விழும் இடங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல ஆங்கிலம் என்று கற்றுக்கொண்டேன்.

ஒரு வரியில் மட்டும் கோடு விழுந்ததே இல்லை. டைப்பிங் வகுப்பில் மாதிரிக் கடிதத்தில் வரும் கடைசி வரி அது. தமிழில் சொன்னால், 'நடந்ததற்கு மனமார வருந்துகிறேன், இனி இவ்வாறு நேராது என்று உறுதி கூறுகிறேன், இந்த ஒரு முறை மன்னிக்க வேண்டுகிறேன்.' முதல் தடவை அதைப் படித்தபோது ரஸாக் சாப், "இது சுத்தமாக இருக்கிறது" என்றார். எனக்குப் பதக்கம் கிடைத்த மாதிரி. அன்றிலிருந்து எல்லாக் கடிதத்துக்கும் அதுதான் கடைசி வரி. கம்ப்யூட்டர் வந்ததும் இன்னும் சுலபம். பழைய கடிதம் ஒன்றைத் திறந்து, பெயரையும் நடு விஷயத்தையும் மாற்றினால் போதும். அடியில் மன்னிப்பு தயாராக உட்கார்ந்திருக்கும். எத்தனை பேருக்கு மன்னிப்புக் கேட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் யாதகிரி விஷயம் வந்தது.

யாதகிரி பிரஸ் ஷாப் ஆபரேட்டர். தகடு வெட்டும் பெரிய இயந்திரம் அவர் பொறுப்பு. கை உள்ளே போகாமல் இருக்க அதன் முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. ஒரு நாள் அந்தத் தடுப்பு இல்லாமல் இயந்திரம் ஓடியது. தகடு எடுத்துக் கொடுக்கும், என்னைவிட மூத்தவரான பாலய்யாவுக்கு இடது கை ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. தடுப்பைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டியதாக யாதகிரிக்கு மெமோ போனது. நிரூபணமானால் வேலை போய்விடும்.

மறுநாள் ஒரு கோடு போட்ட தாளோடு வந்து நின்றார். தானே கஷ்டப்பட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அது இப்படி இருந்தது: 'மைசெல்ஃப் யாதகிரி. நான் வந்தபோதே தடுப்பு இல்லை ஒன்லி. சூப்பர்வைசர் சாரிடம் சொன்னேன். ஓட்டு என்றார். ஓட்டினேன். பாலய்யா கை வைத்தார். என் மேல் தப்பு இல்லை.'

"எழுதிட்டேன் மேடம்" என்றார் தெலுங்கில். "சார் பல்லைப் பிடிச்சுக்குவாரு. நீங்க கொஞ்சம் சரி பண்ணிடுங்க."

நான் சரி பண்ணினேன். பழைய லேட் கடிதம் ஒன்றைத் திறந்தேன். 'மைசெல்ஃப்' போயிற்று. 'ஒன்லி' போயிற்று. அவர் பணிக்கு வரும் முன்பே தடுப்பு அகற்றப்பட்டிருந்தது, அது சூப்பர்வைசர் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது என்று அழகாக வந்தது. 'என் மேல் தப்பு இல்லை' என்ற வரியில் வந்து நின்றேன். அதிகாரியிடம் அப்படியா பேசுவது, வெடுக்கென்று இருக்கிறதே என்று பட்டது. எடுத்துவிட்டேன். அதற்குக் கீழே மன்னிப்பு வழக்கம்போல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கடிதம் இப்போதுதான் மரியாதையாக முடிகிறது என்று நினைத்து அச்சுக்குக் கொடுத்தேன். யாதகிரி கையெழுத்துப் போட்டார். கோடு போட்ட தாளை மடித்து எடுத்துக்கொண்டு கான்டீனுக்குப் போய், அதில் மிர்ச்சி பஜ்ஜி வைத்துத் தின்றுவிட்டாராம். பிற்பாடு தெரிந்தது.

உள் விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கம்பெனி தரப்பில் கேள்வி கேட்டவர் புரொடக்ஷன் மேனேஜர். யாதகிரிக்குத் துணையாக யூனியன் ஆள் ஒருவர். ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் அப்போதைக்கப்போதே டைப் செய்து, பக்கம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். டைப் செய்தது நான்.

யாதகிரி சூப்பர்வைசரிடம் சொன்னதற்குச் சாட்சி இல்லை. சூப்பர்வைசர், தனக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்றார். அதன் பிறகு புரொடக்ஷன் மேனேஜர் கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"கடைசி வரியில் மனமார வருந்துவதாக, இனி இவ்வாறு நேராது என்று, மன்னிக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். தப்பே செய்யாத ஆள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?"

கேள்வியை டைப் செய்து முடித்தேன். என் கைகள் விசையின் மேல் பதிலுக்குக் காத்திருந்தன. யாதகிரி கடிதத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கணம் என்னைப் பார்த்தார். 'இந்த மேடம்தான் எழுதினார்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அது லெட்டர்ல வர்றது சார்" என்றார்.

"லெட்டரில் வருவது என்றால்?"

"எல்லா லெட்டர்லயும் கடைசியில வரும்ல, அது."

புரொடக்ஷன் மேனேஜர் சிரித்தார். வக்கீல் பதிலை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அடித்தேன். பக்கம் முடிந்தது. யாதகிரி கையெழுத்துப் போட்டார். தட்டச்சாளர் என்ற இடத்தில் நானும் போட்டேன்.

அடுத்த நாள் காலை ரஸாக் சாப் டீ குடிக்கும் முன்பே அவர் அறைக்குப் போனேன். கடிதம் வைக்க அல்லாமல், என் விஷயமாக நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மெமோ ஃபைல்கள் நான்கை அவர் மேஜையில் வைத்தேன்.

"கைக்கு அம்மா இத்தனை?"

"கடைசி வரி மட்டும் பாருங்க சாப்."

பார்த்தார். புரட்டினார். பார்த்தார். லேட் வந்தவர் வருந்தியிருந்தார். மாமனார் காரியத்துக்குப் போனவர் வருந்தியிருந்தார். அம்மை போட்டுப் படுத்திருந்தவர், இனி இவ்வாறு நேராது என்று உறுதி கூறியிருந்தார். மூன்றாவது ஃபைலில் அடையாளத்துக்கு ஒரு சீட்டு வைத்திருந்தேன். ஒரு வருடம் பிறை தெரியாமல் ரம்ஜான் விடுமுறை ஒரு நாள் தள்ளிப் போயிற்று. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் அதைக் கவனிக்காமல், பண்டிகை அன்று வீட்டில் இருந்த பெயிண்ட் ஷாப் ஆட்கள் ஆறு பேருக்கு மெமோ கொடுத்துவிட்டது. பிறகு ரஸாக் சாப்பே அந்த மெமோக்களை ரத்துச் செய்தார். ஆனால் அதற்குள் ஆறு பேரும் விளக்கம் கொடுத்திருந்தார்கள். என் கைவண்ணத்தில்.

அவர் அந்த ஆறையும் வரிசையாக மேஜையில் பரப்பினார். கன்னத்தில் கை போயிற்று.

"ரம்ஜான் அன்று ரம்ஜான் கொண்டாடியதற்கு மன்னிப்பு" என்றார் மெதுவாக. "இனிமேல் கொண்டாட மாட்டார்களாம். நான் இதைப் படித்திருக்கிறேன் அம்மா. ஆறு தடவை. ஒரு எழுத்துப் பிழை இல்லை என்று ஃபைலில் சேர்த்திருக்கிறேன்."

நான் யாதகிரியின் கோடு போட்ட தாளில் இருந்ததைச் சொன்னேன். 'என் மேல் தப்பு இல்லை' என்ற வரியை எடுத்ததையும் சொன்னேன். ஆறு கடிதங்களையும் அடுக்கி ஃபைலில் வைத்தார்.

"விசாரணையில் நானாக உங்களைக் கூப்பிட முடியாது. நான் கம்பெனிக்காரன். யாதகிரி தன் சாட்சியாக உங்கள் பெயரைக் கொடுக்கணும். கொடுத்தால் ஃபைலை நான் அனுப்புவேன். ஆனால் தொழிலாளியின் விளக்கத்தை டைப்பிஸ்ட் மாற்றினாள் என்று பதிவாகும். உங்களுக்கும் மெமோ வரும். கையெழுத்து நான்தான் போடணும்."

"ஹவ் சாப்" என்றேன்.

கான்டீனில் ஆண்கள் பக்கம் நான் போனதில்லை. அன்றைக்குப் போனேன். யாதகிரி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்து எழப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அந்த வரிக்கு என்ன அர்த்தம், அதை யார் போட்டது, எதை எடுத்தது என்று நின்றபடியே சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்திருந்தார்கள்.

"அவ்வளவு பெரிய ஆங்கிலம் எனக்குப் புரியாது மேடம்" என்றார் யாதகிரி. "ஆனா பார்க்க நல்லா இருந்துச்சு. நம்ம லெட்டர் இவ்வளவு நல்லா இருக்கேன்னு நினைச்சேன். அதான் கையெழுத்துப் போட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் பேரைச் சாட்சியாக் குடுங்க" என்றேன்.

"நேத்து சொல்லியிருக்கலாமே மேடம். பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க."

"நேத்து டைப் அடிச்சுட்டிருந்தேன்" என்றேன். அதைச் சொன்னபோதே எவ்வளவு மட்டமான பதில் என்று எனக்குத் தெரிந்தது. யாதகிரி தட்டை நகர்த்திவிட்டு, யூனியன் ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

சாட்சி சொன்ன அன்று என் நாற்காலியில் ஸ்டோர்ஸ் கிளார்க் உட்கார்ந்து டைப் செய்தார். நான் எதிர் நாற்காலியில். புரொடக்ஷன் மேனேஜர் கேட்டார், "ஒரு தொழிலாளி சொல்லாததை அவர் கடிதத்தில் சேர்க்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கலை சார். கோடு விழக் கூடாதுன்னு போட்டேன்."

வக்கீலுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ரம்ஜான் கடிதங்களைக் காட்டினேன். அவர் ஆறையும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. என்னுடைய ஸ்டேப்ளர் வேலைதான் அது.

கடைசியில் என் சாட்சியம் அச்சாகி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். படித்தேன். 'ஐ ஆம் டைப்பிங் திஸ் லைன் சின்ஸ் மெனி இயர்ஸ் ஒன்லி' என்று இருந்தது. நான் பதற்றத்தில் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஸ்டோர்ஸ் கிளார்க் ஒன்றை விடாமல் அடித்திருக்கிறார். என் விரல்கள் தானாகவே மேஜையில் பேனாவைத் தேடின.

"திருத்தம் ஏதாவது உண்டா?" என்றார் வக்கீல்.

"இல்லை சார். நான் சொன்னதுதான்" என்று கையெழுத்துப் போட்டேன்.

யாதகிரி கடிதத்தின் மன்னிப்பு வரியை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று வக்கீல் அறிக்கையில் எழுதினார். பாலய்யா விரல் கட்டோடு வந்து, விபத்து நடந்த அன்று காலையில் யாதகிரி சூப்பர்வைசர் அறைப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று சொன்னதும் சேர்ந்துகொண்டது. குற்றம் நிரூபணமாகவில்லை. யாதகிரி வேலையில் இருந்தார். பிரஸ் ஷாப்பிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசருக்கும் மெமோ போனது. அவர் விளக்கம் எழுத என்னிடம் வரவில்லை.

எனக்கும் மெமோ வந்தது. என் வேலைக் காலத்தில் எனக்கு வந்த ஒரே மெமோ. நடந்ததை எழுதி, யாதகிரியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க இருக்கிறேன் என்று முடித்தேன். ரஸாக் சாப் படித்தார். 'கேட்ட பிறகு வந்து சொல்லுங்கள்' என்று ஓரத்தில் எழுதி ஃபைலில் சேர்த்தார். அந்த வாரமே ஒரு சுற்றறிக்கையும் போட்டார். விளக்கம் எந்த மொழியில், எந்தத் தப்போடு இருந்தாலும், எழுதியவர் எழுதியபடியே வாங்கிக்கொள்ளப்படும். அதை அடித்துக் கொடுத்ததும் நான்தான். அதன் பிறகும் பதினோரு மணிக்கு அவர் கன்னத்தில் கை போவது நிற்கவில்லை. பென்சில் மட்டும் எழும்பவில்லை.

யாதகிரியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பேக்கிங் செக்ஷன் வாசலில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். "சரி மேடம்" என்றார். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து அவர் ஒரு நாள் தாமதமாக வந்தார். மெமோ போனது. இந்த முறை விளக்கத்தைத் தெலுங்கில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். அப்படியே வாங்கிக்கொள்வார்கள், டைப் அடிக்க வேண்டியதில்லை என்றேன். "அச்சுல இருந்தா நல்லா இருக்கும். அடிங்க" என்றார். தெலுங்கு எழுத்து என் கம்ப்யூட்டரில் கிடையாது, ஆங்கிலத்தில்தான் அடிக்க முடியும் என்றேன். "அடிங்க. நான் நிக்கிறேன்."

பழைய கடிதம் எதையும் திறக்காமல், காலிப் பக்கத்தில் ஆரம்பித்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு வரி முடிந்ததும், "என்ன போட்டீங்க, சொல்லுங்க" என்றார். தெலுங்கில் திருப்பிச் சொன்னேன். தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. பஸ் நடுவழியில் நின்றது, நடந்து வந்தேன், நாற்பது நிமிஷம் தாமதம். மூன்றே வரி.

என் கை விசையின் மேலேயே இருந்தது.

"முடிஞ்சுது மேடம்" என்றார் யாதகிரி. "இதுக்குக் கீழே ஒண்ணும் வேணாம். பஸ் நின்னதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அச்சுக்குக் கொடுத்தேன். வெளியே வந்த தாளை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, அதை ஒட்டியே, இடைவெளி இல்லாமல், கையெழுத்துப் போட்டார்.